மெதுவாக வளர்ந்தவன்

செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்று பேராக. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

தொலைபேசியில்தான் சொல்ல நினைத்தேன். நீ லைன் சரியில்லை என்றாய். நான் பையன் தூங்குகிறான் என்றேன். இருவரும் வைத்துவிட்டோம். நமக்குக் கடிதம்தான் ஒத்துவரும்.

வார்டிலேயே சிறியவன் என்பதால் நர்ஸ்கள் அவனுக்குப் பயில்வான் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எங்களோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. நல்ல பெயர் ஒன்று ரிஜிஸ்டரில் இருக்கிறது. அவன் உடம்பு அதற்கு இன்னும் காணாது, வாங்கிவைத்த சட்டைகளைப் போல.

வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவன் கிடந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கருவி ஓயாமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கும். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் பைத்தியம் பிடித்தது. இப்போது அது இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது. மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். அவன் அம்மாவும் பார்க்கிறாள். இன்று காலை இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து தலையில் முட்டிக்கொண்டோம். அவன் விழித்துக்கொண்டான்.

டாக்டர் அவனுக்கு இரண்டு கணக்கு வைத்திருக்கிறார். பிறந்த நாளிலிருந்து எண்ணினால் மூன்று மாதக் குழந்தை. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால் போன வாரம் பிறந்தவன். "எப்பவும் ரெண்டாவது கணக்கையே பாருங்க. மொதக் கணக்கைப் பாத்தீங்கன்னா தூக்கம் போயிடும்" என்றார். என் தூக்கம் எந்தக் கணக்கிலும் சேராமல் போய்விட்டது.

கொஞ்ச காலத்துக்கு யாரும் வந்து பார்க்க வேண்டாம் என்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே.

ஒன்று கேட்க வேண்டும். நான் எப்படி இருந்தேன்? அம்மா என்னைப் பெற்ற ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அப்பா இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. என் முதல் வருஷத்துக்கு நீ ஒருத்திதான் சாட்சி. எழுது.

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 19

டேய் மொட்டை,

உன் கடிதம் கிடைத்தது. முதுகு என்னோடுதான் இருக்கிறது, வலி அதனோடு இருக்கிறது. என் மருமகனுக்கு அத்தையின் முத்தம். இவ்வளவு தூரத்திலிருந்து கொடுத்தால் டாக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். உன் பெண்டாட்டியை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். இனிமேல் முறை வைத்துக்கொண்டு குனியுங்கள்.

கோபமெல்லாம் இல்லை. இங்கே லேபில் வேலை மலைபோல் கிடக்கிறது. ஊரில் அத்தனை பேருக்கும் ஒரே மாதத்தில் பல் விழுந்துவிட்டதோ என்னவோ. கட்ட வேண்டிய பல் செட் ஒன்றுகூடப் பாக்கியில்லாத நாள் வந்தால் கிளம்பி வருகிறேன்.

நீ எப்படி இருந்தாயா? அழுதுகொண்டிருந்தாய். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை உனக்கு நினைவிருக்காது. தரைப் பலகையின் இடுக்கு வழியே கீழே கடை தெரியும். அப்பா மில்லில் இரவு வேலை முடித்து வந்து பகலெல்லாம் தூங்குவார். நீ வாயைத் திறந்தால் எழுந்துவிடுவாரே என்று உன்னைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடுவேன். எனக்கு ஒன்பது வயது. "உன் இடுப்பு அவனுக்குன்னே வளைஞ்சுபோச்சும்மா" என்பார் கடைக்காரர். தலைகீழாக நிற்கும் சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிவிடுவார். கம்பிகள் சுழலும்வரை நீ வாயைத் திறக்க மாட்டாய். நின்றதும் ஆரம்பிப்பாய். பாவம் மனிதர், உனக்கு ஒரு கையைக் கொடுத்துவிட்டு மற்றக் கையால் பஞ்சர் ஒட்டப் பழகிக்கொண்டார்.

பதில் போடு. சின்னச் சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.

அக்கா


நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உனக்கு அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா?

பயில்வான் சிரித்தான். யாரைப் பார்த்து என்பதில் வழக்கு நடக்கிறது. என்னைப் பார்த்து என்கிறேன் நான். எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்து என்கிறாள் அவள்.

அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பழையபடி ஏழாம் எண் பஸ்ஸை ஓட்டுகிறாள். போவதற்கு முன் பணிமனையிலிருந்து ஒரு பழைய பக்கக் கண்ணாடியைக் கொண்டுவந்து தொட்டிலுக்கு எதிரே சுவரில் மாட்டினாள். சமையலறையில் நின்றால் அவன் முகம் தெரியும்படி அதன் கோணத்தை அரைமணி நேரம் திருத்தினாள். இப்போது என் மேசையிலிருந்தும் தெரிகிறது. பள்ளிக்கூடப் பூகோளப் புத்தகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு மலை, ஒரு நதி, ஒரு முறை கண்ணாடி.

ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாது. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு எண் இருந்தது. எண் ஏறினால் சிரிப்போம். பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அப்பா ஒரு தச்சர். அவர் பையன் எடை கூடியபோது நான் டீ வாங்கிக் கொடுத்தேன். என் பையன் கூடியபோது அவர் வாங்கினார். அவர்கள் எங்கே போனார்களோ.

இங்கே எண் இல்லை. பார்க்கத்தான் வேண்டும்.

கழுத்து இன்னும் நிற்கவில்லை. தோளில் சாய்த்தால் தலை ஒரு பக்கமாக விழுகிறது. இரண்டாவது கணக்குப்படி இன்னும் நேரமிருக்கிறது என்று எனக்கே தெரியும். ஆனாலும் கேட்கிறேன். என் கழுத்து எப்போது நின்றது?

தம்பி


நவம்பர் 24

மொட்டைக்கு,

மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சிரிப்பு சுவரைப் பார்த்துத்தான். உன் முகத்தை எனக்குத் தெரியாதா.

கழுத்தைப் பற்றிக் கவலைப்படாதே. உன் தலை நிற்பதற்கு ஏகப்பட்ட நாள் பிடித்தது. ஐந்தாம் மாதம் முடிந்தும் ஆடிக்கொண்டிருந்தது. உன்னை இடுப்பில் வைத்துப் படியிறங்கும்போது கடைக்காரரின் மனைவி கீழேயிருந்து கத்துவாள்: "தலையைப் பிடிச்சுக்கடி, கழண்டு உருண்டுடப்போகுது!" அந்த அம்மாள் நீல வாளியில் துணி அலசுவாள். ஒரு நாள் வாளிக்குள் எட்டிப் பார்க்க நீயே தலையைத் தூக்கினாய். அவ்வளவுதான், பிறகு இறக்கவேயில்லை.

இங்கே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பல் கட்ட வந்தார். முத்து மாதிரி வரிசையாக வேண்டும் என்றார். சரி என்றேன். ஆனால் மெழுகில் அடுக்கும்போது ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். இன்னொன்றின் ஓரத்தில் லேசாகப் பழுப்புத் தீற்றினேன். முழுக்கச் சீராக இருந்தால் பார்ப்பவன் நம்ப மாட்டான். போட்டுப் பார்த்துவிட்டு அவர் கண் கலங்கினார். "இது என் பல்லேதாம்மா" என்றார்.

குளிர் வந்துவிட்டது. அவன் காதை மூடு.

அக்கா


ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் அப்படியே என்று எழுது.

கழுத்து நின்றுவிட்டது. வாளி இல்லாமலே. குப்புறப் போட்டால் ஆமை போலத் தலையைத் தூக்கிப் பூகோளப் புத்தகத்தைப் பார்க்கிறான்.

இப்போது வேறு. அவனுடைய இடது கை எப்போதும் மூடியே இருக்கிறது. கட்டைவிரல் உள்ளே. எதைக் கொடுத்தாலும் வலது கை வருகிறது. பென்சிலை இடது பக்கமாக நீட்டினேன். உடம்பையே திருப்பி வலது கையால் வாங்கினான். கெட்டிக்காரன் என்று அவளிடம் சொன்னேன். அவள் அந்த முஷ்டியைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இறுக்கமா இருக்கு" என்றாள்.

"குழந்தைக் கைன்னா அப்படித்தான்."

"இந்தக் கை அப்படி இல்லையே" என்று வலது கையைக் காட்டினாள்.

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரியில் வளர்ச்சியைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. குறைமாதக் குழந்தைகள் எல்லோரையும் கூப்பிடுகிறார்கள். போக எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கு மட்டும் எழுதுகிறேன். மறுபடி அந்த வாசல், அந்த மருந்து வாசனை. அவர்கள் ஏதாவது சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும்.

எனக்கு இப்படி இருந்ததா?

தம்பி


ஜனவரி 23

அன்பு மொட்டை,

கடிதம் பார்த்த அன்றே எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இல்லை என்று உன் கையெழுத்து சொல்கிறது.

இருந்ததாவா! உன் இடது கையை நாங்கள் உண்டியல் என்றுதான் கூப்பிடுவோம். எட்டு மாதம்வரை திறக்கவில்லை. ஒரு தடவை கடைக்காரர் கட்டாயப்படுத்தி விரித்துப் பார்த்தால் உள்ளே பெடலில் போடும் சின்ன இரும்புக் குண்டு. எப்போது எடுத்தாய், எத்தனை நாள் வைத்திருந்தாய், யாருக்கும் தெரியாது. "இவன் பெரிய ஆளா வருவான், கிடைச்சதை விட மாட்டான்" என்றார். அந்த மசகு எண்ணெய்க் கறை உன் ரேகையில் ஒரு வாரம் இருந்தது. பிறகு ஒரு நாள் அந்தக் கை தானாகவே விரிந்தது. இன்று அதே கையால்தான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பிழை திருத்துகிறாய், இல்லையா?

உன்னை யாரும் எந்த டாக்டரிடமும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. இந்தக் குளிரில் ஆஸ்பத்திரி வரிசையில் பிள்ளையோடு உட்கார்ந்தால் இல்லாத சளியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வெயில் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

நன்றாகத் தூங்கு.

அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் நலம். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நாலு நாள் நன்றாகத் தூங்கினேன்.

பரிசோதனைக்குப் போகவில்லை. அவளுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், உண்டியல் வரைக்கும். அவள் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்த அறையைப் பற்றி நிறைய யோசிக்கிறேன். பலகை இடுக்கில் தெரியும் கடை. நீல வாளி. என் கையில் கறை. எனக்கு நினைவே இல்லாத ஓர் இடத்துக்காக ஏங்க முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது. பயில்வானைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது சில சமயம் அவன் நான், நான் நீ. என் இடுப்பு வளையவில்லை, அதுதான் வித்தியாசம்.

தலையணையை முட்டுக் கொடுத்து உட்காரவைத்தால் இடது பக்கமாகச் சரிகிறான். எப்போதும் இடது பக்கம். மெதுவாக, மரியாதையாக, ஒரு முதியவர் நாற்காலியில் தூங்கி விழுவது மாதிரி. அவளும் நானும் சிரிக்கிறோம். நான் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறேன்.

நான் எப்போது உட்கார்ந்தேன், அக்கா?

தம்பி


மார்ச் 14

மொட்டைக்கு,

எல்லோரும் சுகமா? எனக்கு ஒரு வாரமாக இருமல், இப்போது தேவலை.

உட்கார்வதில் நீ படுசோம்பேறி. பத்து மாதம். அப்போதும் ஒரு பக்கமாகச் சாய்வாய். கடைக்காரர் ஒரு பழைய டயரைக் கழுவித் துடைத்துத் துணி சுற்றி, அதன் நடுவே உன்னை வைப்பார். டயருக்குள் நீ ராஜா மாதிரி இருப்பாய். வருகிற வாடிக்கையாளர்கள் எல்லோரும் உனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் காற்றடிக்கக் கொடுப்பார்கள். நான் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே உன்னைப் பார்த்திருப்பேன். மாலை வெயில் அந்தக் கடைக்குள் சக்கரங்களின் நிழலைப் போடும். உன் முகத்தில் கம்பி கம்பியாக நிழல். ஒரு நாள் டயரை எடுத்துவிட்டோம். நீ அப்படியே உட்கார்ந்திருந்தாய். டயர் போனதே உனக்குத் தெரியவில்லை.

அவனும் உட்காருவான். அவசரப்படுத்தாதே.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று.

போன ஞாயிறு அவளுக்கு விடுமுறை. உன் கடிதங்களைச் சமையலறை மேசையில் வரிசையாக வைத்துப் படித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"உங்க அக்கா உங்களைப் பத்தி எழுதுறாங்களா, நம்ம பையனைப் பத்தி எழுதுறாங்களா?"

"என்னைப் பத்தித்தான்."

"கழுத்து நிக்கலைன்னு எழுதினீங்க. உங்களுக்கும் நிக்கலை. கை விரியலைன்னு எழுதினீங்க. உங்களுக்கும் விரியலை, அதுவும் அதே இடது கை. உக்காந்தா சாயிறான்னீங்க. நீங்களும் சாஞ்சீங்க. நாளைக்கு அவனுக்கு வால் முளைச்சிருக்குன்னு எழுதிப் பாருங்களேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வண்டியில ஒரு சத்தம் வந்தா நான் ஓரமா நிறுத்தி இறங்கிப் பாப்பேன். நீங்க சத்தம் கேக்கக் கூடாதுன்னு பாட்டைக் கூட்டி வைக்கிற ஆளு."

மறுநாள் போனோம். அதே வாசல். அவன் பிறந்த சமயத்தில் தலைக்குள் ஒரு சிறு இடம் பாதிக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து இடது கைக்கும் காலுக்கும் போகும் கட்டளை சரியாகப் போய்ச் சேரவில்லை. இது வளராது. ஆனால் தானாகப் போகவும் போகாது. பழக்க வேண்டும், தினமும். டாக்டர் திட்டவில்லை. "ஜனவரியில வந்திருந்தீங்கன்னா மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம். சரி, விடுங்க. இன்னிக்கு ஆரம்பிப்போம்" என்றார். திட்டியிருக்கலாம்.

வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்கு ஒரு பெண்மணி வீட்டுக்கு வருகிறார்.

இந்தக் கடிதத்தில் உன்னிடம் கேட்க ஒன்றும் இல்லை.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பயில்வானுக்கு நேற்று ஒரு வயது முடிந்தது. முதல் கணக்கில். இரண்டாவது கணக்கில் ஆகஸ்டில் ஒன்று வரும்.

என் கடிதத்துக்கு ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. தபால் பெட்டியை நான் திறந்து பார்ப்பதில்லை என்று நடிக்கிறேன். "இன்னிக்கும் கரண்ட் பில்தான்" என்று அவள் கேட்காமலே சொல்கிறாள்.

பிறந்தநாளன்றும் பயிற்சி உண்டு. அந்தப் பெண்மணி அவனுடைய வலது கையில் ஒரு சாக்ஸை மாட்டிக் கட்டிவிடுகிறார். வலது இல்லையென்றால் இடது வேலைக்கு வர வேண்டும், அதுதான் முறை. "பயில்வான் சார், என் மூக்குக் கண்ணாடியைப் புடுங்குங்க பாப்போம். தைரியம் இருந்தா வாங்க." அவன் அவரை ரொம்ப நேரம் பார்த்தான். கோபத்தில் அழுதான். பிறகு புதிதாக முளைத்த இரண்டு பல்லால் சாக்ஸைக் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, வலது கையாலேயே கண்ணாடியைப் பிடுங்கினான். "அடப்பாவி, இது ஆட்டத்துலயே சேராது!" என்றார் அவர். அவள் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன், சரியான அளவு.

இடது கட்டைவிரல் இப்போது சில நேரம் வெளியே வருகிறது.

அக்கா, உன் கடிதங்களில் இருந்த குழந்தையை எனக்குப் பிடித்திருந்தது. ஆடுகிற தலை, மூடிய கை, டயருக்குள் ராஜா. ஒரு குளிர்காலம் முழுக்க அவனோடு வாழ்ந்தேன். அவன் நான் இல்லை என்று தெரிந்ததும் என் முதல் வருஷம் மறுபடி காலியாகிவிட்டது. முன்பு காலியாக இருந்தபோது வலிக்கவில்லை.

எனக்கு ஒன்று வேண்டும். என் பையனை அதோடு ஒப்பிட மாட்டேன், பயப்படாதே. எனக்கே எனக்காகக் கேட்கிறேன்.

நான் எப்போது நடந்தேன்?

தம்பி


ஜூலை 20

தம்பி,

பல முறை எழுத உட்கார்ந்தேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மருமகனுக்கு ஒரு வயது வாழ்த்து, எந்தக் கணக்கில் வைத்துக்கொண்டாலும்.

நீ பத்து மாதத்தில் நடந்தாய்.

நான் பார்க்கவில்லை. பள்ளியில் இருந்தேன். நான் வந்ததும் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "உன் தம்பி நடந்துட்டாம்மா! அந்தச் சக்கரத்துலேருந்து இந்தச் சக்கரம் வரைக்கும்!" அவர் மனைவியும் பார்த்தாளாம். காற்றடிக்க வந்த யாரோ ஒருவனும் பார்த்தானாம். எவனோ ஒருவன், அவனுக்கு உன் பெயர்கூடத் தெரியாது.

உன்னை இறக்கிவிட்டு எதிரே மண்டியிட்டுக் கையை நீட்டினேன். நீ உட்கார்ந்துவிட்டாய். மறுபடி நிறுத்தினேன். மறுபடி உட்கார்ந்தாய். "அவனை விடும்மா, களைச்சுட்டான்" என்றார்கள். நான் விடவில்லை. கடைசியில் நீ அழுதாய், நானும் அழுதேன். மறுநாள் நான் பள்ளிக்குப் போன பிறகு மறுபடி நடந்தாயாம்.

எல்லாமே அப்படித்தான். நீ படுவேகம். கழுத்து, உட்கார்வது, பல், எல்லாவற்றையும் நான் கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் முடித்துவிட்டாய். மணி அடித்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வருவேன். தெருமுனையிலேயே மூச்சு வாங்கும். வந்து பார்த்தால் நீ ஏதோ ஒன்றைச் செய்து முடித்திருப்பாய். எல்லோரும் பார்த்துவிட்டு என்னிடம் சொல்வார்கள். உன் சாட்சி நான் இல்லை, தம்பி. நான் கேள்விப்பட்டவள்.

நீ முதலில் கழுத்தைப் பற்றிக் கேட்டபோது உன்னைத் தூங்கவைக்கத்தான் அப்படி எழுதினேன். எழுத எழுத நிறுத்த முடியவில்லை. காகிதத்தில் நீ மெதுவாக வளர்ந்தாய். நான் பள்ளி விட்டு வரும்வரை எனக்காகக் காத்திருந்தாய். வாளியை எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். டயரை எடுத்ததை நான் பார்த்தேன்.

அதற்காக என் மருமகனின் மூன்று மாதத்தை எடுத்துக்கொண்டேன்.

அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வண்டியை நிறுத்திப் பார்த்தது நல்லதாயிற்று.

அக்கா


ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். இந்த முறை உண்மையாகவே.

கோபம் இருந்தது. இல்லையென்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். சாக்ஸ் கட்டிய கையோடு அவன் அழும்போதெல்லாம் இருந்தது. ஆனால் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போகாதவன் நான். நீ எழுதியதை நம்பினேன் என்பதைவிட, நம்புவதற்கு ஒன்று எழுதித் தரச் சொல்லி உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன் என்பதுதான் சரி. இதை யாரும் திருத்தித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

பத்து மாதம். அந்தச் சக்கரத்திலிருந்து இந்தச் சக்கரம்வரை. பெயர் தெரியாத ஒருவன் பார்த்திருக்கிறான். வெகு நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். டயர் ராஜாவைவிட இந்தப் பையன் சின்னவனாகத் தெரிகிறான். ஆனால் நிற்கிறான்.

உன் கடைசிக் கடிதத்தையும் அவளிடம் கொடுத்தேன். ஓடி வருவேன் என்று நீ எழுதிய இடத்தில் நின்றுவிட்டாள். "அப்ப அவங்களுக்கு ஒன்பது வயசு" என்றாள். சற்று நேரம் கழித்து அலமாரியிலிருந்து அதிகப்படியான மெத்தையை இறக்கி வெயிலில் போட்டாள். யாருக்கு என்று கேட்டேன். "பல் செட்டெல்லாம் காத்திருக்கும்னு சொல்லுங்க" என்றாள்.

பயில்வான் இப்போது உட்காருகிறான். இடது கையைத் தரையில் ஊன்றிக்கொள்கிறான், பாதி விரிந்த கை. நிறுத்தினால் இடது குதிகால் கீழே படுவதில்லை. காலுக்கு ஒரு பட்டை செய்யக் கொடுத்திருக்கிறோம். நடப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். "நடப்பான்னுதான் நினைக்கிறேன். ஆனா அவன் இஷ்டத்துக்கு, அவன் நேரத்துக்கு" என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு வா. பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் தெரு கொஞ்சம் ஏற்றம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வராதே, முதுகு வலிக்கும். நடுவில் ஒரு மரம் இருக்கிறது, அதன் நிழலில் நில். மூச்சு வாங்கிக்கொள். பிறகு நடந்தே வா.

நீ வந்து சேர்வதற்குள் அவன் நடந்துவிட மாட்டான்.

மொட்டை